படம் வரையுற பிள்ளைக்கும் கல்லூரி உண்டு!

(ஓவியம், சிற்பம், இசை, நடனம் படிக்க விரும்பும் பிள்ளைகளின் தாய்மார்களுக்கு ஒரு வழிகாட்டி)



மூன்று வருஷத்துக்கு முன்னால் நடந்த ஒரு சம்பவத்தைச் சொல்லி ஆரம்பிக்கிறேன். சேரன்மகாதேவி பக்கத்தில் நம் குழு ஒன்றின் மாதக் கூட்டம். சேமிப்பு வசூல் முடிந்து, தீர்மான நோட்டில் எல்லோரும் கையெழுத்துப் போட்டாச்சு. கிளம்புகிற நேரத்தில் ஓர் அக்கா மட்டும் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். பீடி சுற்றிக் குடும்பம் நடத்துகிறவர். முந்தானைக்குள்ளிருந்து ஒரு பழைய கோடு போட்ட நோட்டை எடுத்து நீட்டினார். உள்ளே பக்கம் பக்கமாகப் படம். பாட்டி முறத்தை மடியில் வைத்து இலை வெட்டுவது, கன்னடியன் கால்வாயில் துணி துவைப்பது, வாசலில் படுத்திருக்கும் ஆடு.

"மேடம், எம் பிள்ள வரைஞ்சது. பன்னெண்டாவது எழுதியிருக்கா. எந்நேரமும் இதேதான் வேலை. இதுக்குன்னு ஏதும் படிப்பு உண்டுமா? இல்ல, சும்மா கிறுக்குதாளா?" என்று கேட்டார்.

நான் என்ன பதில் சொன்னேன் தெரியுமா? "அதெல்லாம் பொழுதுபோக்குக்கா. பி.காம். இல்லன்னா நர்சிங் பாருங்க. வேலை கிடைக்கும்" என்றேன். சமூகப்பணியில் பட்டம் வாங்கியவள் நான். பதினைந்து பஞ்சாயத்துக்குப் போய் கல்வியைப் பற்றிப் பேசுகிறவள். ஆனால் ஓவியத்துக்கு அரசுக் கல்லூரி இருப்பதையோ, அதில் நான்கு வருஷ டிகிரி தருவதையோ அன்றைக்கு நான் அறிந்திருக்கவில்லை. தெரியாது என்று சொல்லவும் மனசு வரவில்லை.

ஆகஸ்ட் மாதம் வேறொரு வேலையாகப் போன இடத்தில் தற்செயலாக அந்த விவரம் காதில் விழுந்தது. ஓடிப்போய் அக்காவிடம் சொன்னேன். அதற்குள் அந்த வருஷ சேர்க்கை முடிந்துபோயிருந்தது. நர்சிங்கில் சேரப் பணம் இல்லை, பி.காம். படிக்கப் பிள்ளைக்கு மனசு இல்லை. அந்தப் பெண் ஒரு வருஷம் வீட்டில் இருந்து அம்மாவோடு பீடி சுற்றினாள். அக்கா என்னை ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. அதுதான் எனக்கு இன்னும் உறுத்துகிறது.

என்னைப் போல் நீங்களும் தெரியாமல் பதில் சொல்லிவிடக் கூடாது என்பதற்காகவே இந்தக் கட்டுரை.

கை நம் வீட்டில் இருக்கிறது

"கலை எல்லாம் பெரிய வீட்டுப் பிள்ளைகளுக்கு" என்று நம்மில் பலர் நினைக்கிறோம். நம் ஊரைச் சுற்றிக் கொஞ்சம் பாருங்கள். பத்தமடையில் தாமிரபரணிக் கரைக் கோரையை நூலாகக் கிழித்துப் பாய் நெய்கிறவர்கள் யார்? பெரும்பாலும் பெண்கள். அந்தப் பாய்க்கு 2013-ஆம் ஆண்டு புவிசார் குறியீடு கிடைத்தது. காருக்குறிச்சியில் மண் பிசைந்து பானை வனைகிறார்கள். வீரவநல்லூரில் தறி ஓடுகிறது. கோயில் கொடையில் வில்லுப்பாட்டு கேட்டு வளர்ந்தவை நம் பிள்ளைகள்.

இதே காருக்குறிச்சியில்தான் நாதசுர மேதை காருக்குறிச்சி அருணாசலம் (1921-1964) பிறந்தார். திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளையிடம் சீடராக இருந்து கற்றவர். 1962-இல் வந்த 'கொஞ்சும் சலங்கை' படத்தில் எஸ். ஜானகி பாட்டோடு சேர்ந்து ஒலிப்பது அவருடைய நாதசுரம்தான். அந்தக் காலத்தில் குருவின் வீட்டோடு தங்கி, வருஷக்கணக்கில் பணிவிடை செய்துதான் கற்க முடியும். பெண் பிள்ளைகளுக்கு அந்த வழி பெரும்பாலும் அடைத்தே இருந்தது. அதையும் மீறி நாதசுரம் எடுத்து மேடை ஏறிய மதுரை பொன்னுத்தாய் போன்றவர்கள் ஒருசிலர்தான்.

இன்றைக்கு அப்படி இல்லை. அரசுப் பள்ளியும் கல்லூரியும் இருக்கின்றன. எந்தச் சாதியில் பிறந்தாலும், ஆணானாலும் பெண்ணானாலும் விண்ணப்பிக்கலாம். கைத்திறன் நம் வீட்டில் இருக்கிறது. நம்மிடம் இல்லாதது விவரம்தான்.

எந்த வயதில் எங்கே சேரலாம்?

இதை மூன்று படிகளாகப் பிரித்துப் புரிந்துகொண்டால் குழப்பம் வராது.

முதல் படி: பள்ளிப் பருவம்

5 முதல் 16 வயதுப் பிள்ளைகளுக்கு ஜவகர் சிறுவர் மன்றம் இருக்கிறது. அரசின் கலை பண்பாட்டுத் துறை நடத்துவது. பாட்டு, நடனம், ஓவியம் போன்றவற்றைப் பள்ளி நேரம் போக மற்ற நேரத்தில் சொல்லித் தருவார்கள். திருநெல்வேலியிலும் உண்டு.

அடுத்து, மாவட்ட அரசு இசைப்பள்ளி. தமிழ்நாட்டில் 17 இசைப்பள்ளிகள் உள்ளன. நமக்குப் பக்கம் திருநெல்வேலியும் தூத்துக்குடியும். குரலிசை, நாதசுரம், தவில், தேவாரம், பரதநாட்டியம், வயலின், மிருதங்கம் என ஏழு பிரிவுகள். 12 வயது முதல் 25 வயது வரை சேரலாம். மூன்று வருஷப் படிப்பு, முடிவில் அரசுச் சான்றிதழ். குரலிசை, பரதம், வயலின், மிருதங்கத்துக்கு ஏழாம் வகுப்புத் தேர்ச்சி வேண்டும். நாதசுரம், தவில், தேவாரத்துக்கு எழுதப் படிக்கத் தெரிந்தாலே போதும். கட்டணம் மிகக் குறைவு, மாத உதவித்தொகையும் உண்டு. படிப்பை இடையில் நிறுத்திய பிள்ளைக்கும் இது ஒரு வாசல் என்பதைக் கவனியுங்கள்.

இரண்டாம் படி: பத்தாம் வகுப்புக்குப் பின்

தமிழ்நாடு அரசு இசைக் கல்லூரிகள் நான்கு: சென்னை, மதுரை, கோயம்புத்தூர், திருவையாறு. நமக்குப் பக்கம் மதுரை பசுமலையில் இருப்பது. இந்தக் கல்லூரிகளில் பட்டயம் (டிப்ளமோ), பட்டம் (டிகிரி) இரண்டும் உண்டு. பத்தாவது முடித்தவர்கள் பட்டயத்துக்கும், பன்னிரண்டாவது முடித்தவர்கள் பட்டத்துக்கும் விண்ணப்பிக்கலாம்.

மூன்றாம் படி: பன்னிரண்டாம் வகுப்புக்குப் பின்

ஓவியம், சிற்பம் படிக்க விரும்புகிறவர்களுக்கு அரசு கவின்கலைக் கல்லூரிகள் இரண்டு. ஒன்று சென்னை எழும்பூரில். 1850-இல் அலெக்சாண்டர் ஹண்டர் என்ற மருத்துவர் தொடங்கிய ஓவியப் பள்ளிதான் இன்று கல்லூரியாக வளர்ந்திருக்கிறது. மற்றொன்று கும்பகோணத்தில். இங்கே தருவது பி.எஃப்.ஏ. என்ற நான்கு வருஷப் பட்டம். ஓவியம், சிற்பம், விஷுவல் கம்யூனிகேஷன் டிசைன் ஆகியவை உண்டு. சென்னையில் இவற்றோடு டெக்ஸ்டைல் டிசைன், செராமிக், பதிப்போவியமும் இருக்கின்றன. பாய் நெய்கிற வீட்டுப் பிள்ளைக்கு டெக்ஸ்டைல் டிசைனும், பானை செய்கிற வீட்டுப் பிள்ளைக்கு செராமிக்கும் அந்நியமான படிப்பா? யோசித்துப் பாருங்கள்.

கல், உலோகம், மரம், சுதை ஆகியவற்றில் மரபுச் சிற்பமும் கோயில் கட்டடக் கலையும் படிக்க மாமல்லபுரத்தில் அரசுக் கல்லூரி உண்டு. 1957-இல் தொடங்கியது. கேமரா, எடிட்டிங், ஒலிப்பதிவு, அனிமேஷன் ஆசை இருந்தால் சென்னை தரமணியில் எம்.ஜி.ஆர். அரசு திரைப்படம் மற்றும் தொலைக்காட்சிப் பயிற்சி நிறுவனம் இருக்கிறது.

மேலே சொன்ன அரசுக் கல்லூரிகளின் பட்டங்களைத் தருவது தமிழ்நாடு டாக்டர் ஜெ. ஜெயலலிதா இசை மற்றும் கவின்கலைப் பல்கலைக்கழகம். இது 2013-இல் தனிச் சட்டத்தின் மூலம் அமைந்தது. ஆகவே இதுவும் மற்ற டிகிரி போல முறையான டிகிரிதான். "பாட்டுப் படிச்சா டிகிரியா?" என்று யாரும் கேட்டால் தைரியமாகச் சொல்லுங்கள்.

பெயரைப் பார்த்து ஏமாற வேண்டாம்

கலைக் கல்லூரிகளில் இருக்கும் பி.எஸ்.சி. விஷுவல் கம்யூனிகேஷன் வேறு, கவின்கலைக் கல்லூரியின் பி.எஃப்.ஏ. வேறு. முன்னது மூன்று வருஷம், பத்திரிகை, டி.வி., விளம்பரம் சார்ந்தது. பின்னது நான்கு வருஷம், தினமும் கையால் வரைந்து பழகுவது. இரண்டும் நல்ல படிப்புதான். பிள்ளைக்கு எது வேண்டும் என்று தெரிந்து சேருங்கள்.

"ஆறே மாதத்தில் அனிமேஷன், நூறு சதவீதம் வேலை" என்று நோட்டீஸ் கொடுத்து ஐம்பதாயிரம், லட்சம் என்று கேட்கிற இடங்களிடம் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: "சான்றிதழ் தருவது எந்தப் பல்கலைக்கழகம்? யு.ஜி.சி. அங்கீகாரம் உண்டா?" பதில் நேராக வரவில்லையென்றால் பணம் கட்டாதீர்கள். குழுக் கடன் வாங்கிக் கட்டவே கட்டாதீர்கள்.

சேர்க்கை எப்படி நடக்கிறது?

மற்ற கல்லூரிகளில் மார்க்கைப் பார்த்து இடம் கொடுப்பார்கள். கலைக் கல்வியில் மார்க் மட்டும் போதாது. பிள்ளையை நேரில் கூப்பிட்டு வரையச் சொல்வார்கள், பாடச் சொல்வார்கள், ஆடச் சொல்வார்கள். இதற்குத் திறனறித் தேர்வு என்று பெயர். இதில் நல்லதும் உண்டு, கெட்டதும் உண்டு. மார்க் குறைந்த பிள்ளையும் கைத்திறனைக் காட்டி இடம் பிடிக்கலாம். ஆனால் தயாரிப்பு இல்லாமல் போனால் நல்ல மார்க் வாங்கிய பிள்ளையும் திரும்பி வர வேண்டியதுதான்.

பன்னிரண்டாவது ரிசல்ட் வரும் மே மாதத்தை ஒட்டி, ஜூன், ஜூலை வரை அறிவிப்புகள் வரும். செய்தித்தாளில் சின்னதாக ஒரு பெட்டிக்குள் வந்துவிட்டுப் போய்விடும். பல்கலைக்கழகத்தின் இணையதளத்திலும் கலை பண்பாட்டுத் துறையின் இணையதளத்திலும் ஏப்ரல் கடைசியிலிருந்தே வாரம் ஒரு முறை பார்க்கச் சொல்லுங்கள். பிள்ளைகள் கையில்தான் போன் இருக்கிறதே!

விண்ணப்பம் போடும்போது கவனிக்க வேண்டியவை:

1. விளக்கக் குறிப்பேட்டை (பிராஸ்பெக்டஸ்) முழுசாகப் படித்த பிறகே படிவத்தைத் தொடுங்கள். வயது வரம்பு, கேட்கும் சான்றிதழ், தேர்வு நாள் மூன்றையும் தனியாக எழுதி வையுங்கள்.

2. ஆதார், மார்க் ஷீட், சாதிச் சான்றிதழ் மூன்றிலும் பெயரும் இனிஷியலும் ஒரே மாதிரி இருக்கிறதா பாருங்கள். எழுத்து மாறியிருந்தால் மார்ச்சுக்குள் திருத்திவிடுங்கள்.

3. சாதி, வருமானம், இருப்பிடச் சான்றுகளுக்கு இ-சேவை மையத்தில் முன்கூட்டியே பதியுங்கள். ஜூன் மாதத்தில் தாலுகா ஆபீஸில் எவ்வளவு கூட்டம் இருக்கும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

4. விண்ணப்பத்தில் கொடுக்கும் போன் நம்பர் வீட்டில் எப்போதும் இருக்கும் நம்பராக இருக்கட்டும். இ-சேவை மையக்காரர் நம்பரையோ, வெளியூரில் வேலை பார்க்கும் அண்ணன் நம்பரையோ கொடுத்தால் தேர்வுக்கு அழைக்கும் செய்தி நமக்கு வந்து சேராது.

5. அனுப்பிய பிறகு ஒப்புகை நகலை பிரிண்ட் எடுத்து ஃபைலில் போடுங்கள்.

6. ஒரு கல்லூரியோடு நிறுத்தாதீர்கள். சென்னை, கும்பகோணம் இரண்டுக்கும் போடுங்கள். பக்கத்துக் கல்லூரியில் பிள்ளைக்குப் பிடித்த வேறொரு டிகிரிக்கும் போட்டு வையுங்கள். ஒரு கதவு அடைத்தால் இன்னொன்று திறந்திருக்க வேண்டும்.

ஆறு மாதத்துக்கு முன்பே பழக்கம்

இன்னொரு பிள்ளையின் கதையையும் சொல்லியாக வேண்டும். அவளும் நம் உறுப்பினர் மகள்தான். விஜய் படமும் முருகன் படமும் அச்சு அசலாக வரைவாள். ஊரே பாராட்டியது. தேர்வுக்குப் போனாள். அங்கே நாற்காலியில் ஒரு மனிதரை உட்கார வைத்து, பார்த்து வரையச் சொன்னார்கள். பிள்ளை திகைத்துவிட்டாள். அதுவரை அவள் போட்டோவைப் பார்த்து மட்டுமே வரைந்தவள். உயிரோடு எதிரில் இருக்கும் ஆளைப் பார்த்து ஒரு நாளும் வரைந்ததில்லை. இடம் கிடைக்கவில்லை. "யாராவது முன்னாலயே சொல்லியிருந்தா வீட்டுல தாத்தாவ வச்சே பழகியிருப்பேனே" என்று அழுதாள்.

ஆகவே ஓவியத்துக்குப் போகும் பிள்ளைகள்:

- தினமும் ஒரு மணி நேரமாவது எதிரில் இருக்கும் பொருளைப் பார்த்து வரைய வேண்டும். செம்பு, முறம், செருப்பு, வாழைத்தார், சைக்கிள் என எதுவும் ஆகும். வெளிச்சம் எந்தப் பக்கம் விழுகிறது, நிழல் எந்தப் பக்கம் என்று கவனிக்க வேண்டும்.

- வீட்டில் உள்ளவர்களைப் பத்து நிமிஷம் உட்கார வைத்து வரையட்டும். பென்சிலைக் கையை நீட்டிப் பிடித்து, தலை எவ்வளவு, உடம்பு எவ்வளவு என்று அளந்து பழகட்டும்.

- "சந்தை", "ஆற்றங்கரை", "கோயில் கொடை", "மழை நாள்" என்று தலைப்பு வைத்து, மனதில் இருந்து ஒரு காட்சியை வரைந்து வண்ணம் தீட்ட வேண்டும். கடிகாரம் வைத்து இரண்டு மணி, மூன்று மணி நேரத்தில் முடித்துப் பழக வேண்டும்.

- சிற்பத்துக்குப் போகிறவர்கள் களிமண்ணில் உருவம் செய்து பழகட்டும். மண்ணுக்கு நமக்குப் பஞ்சமில்லை.

- விலை உயர்ந்த பொருள் தேவையில்லை. எச்.பி., 2பி, 4பி, 6பி பென்சில், ரப்பர், வெள்ளைத்தாள், ஒரு பெட்டி வாட்டர் கலர் போதும்.

- வரைந்ததில் நல்லதாகப் பதினைந்து இருபது எடுத்து, தேதி எழுதி ஒரு ஃபைலாக வையுங்கள். அதில் சொந்தமாக வரைந்தது இருக்கட்டும். காப்பி அடித்தது வேண்டாம்.

இசைக்குப் போகிறவர்கள் சுருதியோடு சேர்ந்து பாடவும், கையில் தாளம் போட்டுப் பாடவும் பழக வேண்டும். கல்லூரிக்குப் போகுமுன் சரளி வரிசை, ஜண்டை வரிசை, அலங்காரம், கீதம் வரையாவது ஓர் ஆசிரியரிடம் கற்றிருந்தால் நல்லது. நடனத்துக்கு அடவுகள் சுத்தமாக இருக்க வேண்டும். இசைப்பள்ளியில் மூன்று வருஷம் படித்துவிட்டு இசைக் கல்லூரிக்குப் போகும் பிள்ளைக்கு இதெல்லாம் தானாகவே கைவந்துவிடும். அதனால்தான் முதல் படியை முதலில் சொன்னேன்.

பள்ளியில் நடக்கும் போட்டிகளையும் விட வேண்டாம். அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்காக 2022 முதல் கலைத் திருவிழா நடத்தப்பட்டு வருகிறது. பரிசு கிடைக்கிறதோ இல்லையோ, நாலு பேர் முன்னால் கூச்சம் இல்லாமல் நிற்கப் பிள்ளை பழகிக்கொள்ளும்.

செலவு எவ்வளவு? உதவி எங்கே?

அரசுக் கல்லூரியில் படிப்புக் கட்டணம் நம்மால் கட்ட முடிகிற அளவில்தான் இருக்கும். உண்மையான செலவு தங்குவது, சாப்பாடு, வண்ணம், கான்வாஸ், இசைக்கருவி ஆகியவற்றில்தான். அதற்குக் கிடைக்கும் உதவிகள்:

புதுமைப் பெண் திட்டம்: 2022 செப்டம்பரில் தொடங்கியது. 6 முதல் 12 வரை அரசுப் பள்ளியில் படித்த பெண் பிள்ளைகள் டிகிரியோ டிப்ளமோவோ படிக்கும்போது மாதம் 1000 ரூபாய் வங்கிக் கணக்கில் வரும். 2024 முதல் அரசு உதவி பெறும் பள்ளியில் தமிழ் வழியில் படித்தவர்களையும் சேர்த்தார்கள். கல்லூரி வழியாக விண்ணப்பிக்க வேண்டும்.

பீடித் தொழிலாளர் பிள்ளைகளுக்கான உதவித்தொகை: மத்திய தொழிலாளர் நலத் துறை தருவது. தேசிய கல்வி உதவித்தொகை இணையதளத்தில் (என்.எஸ்.பி.) பதிய வேண்டும். தாயின் பீடி அடையாள அட்டை அவசியம். நம் உறுப்பினர்களில் பாதிப் பேருக்கு மேல் இந்த அட்டை இருக்கிறது. பெட்டிக்கு அடியில் போட்டு வைக்காமல் பயன்படுத்துங்கள்.

சாதி அடிப்படையிலான உதவித்தொகை: ஆதிதிராவிடர், பழங்குடியினர், பிற்படுத்தப்பட்டோர், மிகப் பிற்படுத்தப்பட்டோர் நலத் துறைகள் தருகின்றன. இதே துறைகள் கல்லூரி மாணவியர் விடுதிகளும் நடத்துகின்றன. தங்குவதும் சாப்பாடும் இலவசம். சேர்க்கை கிடைத்த அன்றே விடுதி விண்ணப்பத்தையும் கேட்டு வாங்குங்கள்.

நாட்டுப்புறக் கலைஞர்கள் நல வாரியம்: வில்லுப்பாட்டு, கரகாட்டம், நையாண்டி மேளம் போன்ற கலைகளில் இருக்கும் குடும்பங்கள் இதில் உறுப்பினராகப் பதிந்திருந்தால் பிள்ளைகளின் படிப்புக்கு உதவி கிடைக்கும்.

வங்கிக் கல்விக் கடன்: 4 லட்சம் வரை சொத்துப் பிணை கேட்கக் கூடாது. படிப்பு முடிந்து ஒரு வருஷம் கழித்துத்தான் தவணை தொடங்கும். ஆனால் அரசுக் கல்லூரிக்கு இவ்வளவு பெரிய கடன் தேவைப்படாது. தேவைக்கு மேல் கடன் வாங்காதீர்கள்.

"இதப் படிச்சா சோறு கிடைக்குமா?"

எந்தக் கூட்டத்தில் பேசினாலும் வருகிற கேள்வி இது. நியாயமான கேள்வி. மழுப்பாமல் பதில் சொல்கிறேன்.

அரசு வேலையை மட்டும் நம்பி இதில் சேர்க்க வேண்டாம். அரசுப் பள்ளிகளில் ஓவியம், இசை, உடற்கல்வி, தையல் போன்றவற்றுக்காக 2012-இல் 16 ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்களைப் பகுதிநேர ஆசிரியர்களாக எடுத்தார்கள். பணி நிரந்தரம் கேட்டு அவர்கள் பல வருஷம் போராட வேண்டியிருந்தது. இதுதான் நிலைமை.

ஆனால் வேறு வழிகள் இருக்கின்றன. அச்சகம், விளம்பரம், புத்தக வடிவமைப்பு, துணி டிசைன், நகை டிசைன், அனிமேஷன், சினிமா அரங்க அமைப்பு என்று கை பழகிய ஆட்களுக்குத் தேவை இருக்கிறது. தனியார் பள்ளிகள் ஓவியம், பாட்டு, நடன ஆசிரியர்களை வேலைக்கு வைக்கின்றன. வீட்டிலேயே வகுப்பு எடுத்தும் சம்பாதிக்கலாம். அறநிலையத் துறைக் கோயில்களில் ஓதுவார், நாதசுரம், தவில் பணியிடங்கள் உண்டு. 2021-இல் சென்னையை அடுத்த மாடம்பாக்கம் தேனுபுரீஸ்வரர் கோயிலில் ஓர் இளம்பெண்ணையே ஓதுவாராக நியமித்தார்கள். தேவாரம் படிக்க எழுதப் படிக்கத் தெரிந்தால் போதும் என்று மேலே சொன்னதை இதோடு சேர்த்துப் பாருங்கள்.

முதல் இரண்டு மூன்று வருஷம் வருமானம் கொஞ்சமாகத்தான் இருக்கும். அதையும் பிள்ளையிடம் வெளிப்படையாகப் பேசுங்கள். படிக்கும்போதே கம்ப்யூட்டரில் வடிவமைப்பு, ஓரளவு ஆங்கிலம் இரண்டையும் கற்றுக்கொள்ளச் சொல்லுங்கள். இன்னொன்றும் யோசியுங்கள். மனசில்லாமல் சேர்த்துவிட்ட படிப்பை இரண்டாம் வருஷம் விட்டுவிட்டு வீட்டில் இருக்கும் பிள்ளைகள் நம் குழுக்களில் எத்தனை பேர்? அதற்குக் கட்டிய பணமும் நம் பணம்தானே?

"பொம்பளப் பிள்ளைய அவ்வளவு தூரம் எப்படி அனுப்ப?"

இந்தப் பயத்தை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். எனக்கும் என் அம்மா பயந்துதான் அனுப்பினார். பயம் இருந்தால் கேள்வி கேளுங்கள். விடுதி எங்கே, கல்லூரிக்கு எவ்வளவு தூரம், வார்டன் யார், ஏதாவது பிரச்சனை என்றால் மாணவிகள் புகார் சொல்லக் கல்லூரியில் உள் புகார் குழு இருக்கிறதா என்று நேரில் போய்ப் பாருங்கள். கலை வகுப்பில் குரு சொல்வதை மறுத்துப் பேசக் கூடாது என்று ஒரு பழக்கம் உண்டு. மரியாதை வேறு, பயம் வேறு என்று பிள்ளைக்குச் சொல்லிக் கொடுங்கள். எது நடந்தாலும் அம்மாவிடம் சொல்லலாம் என்ற தைரியத்தை முதலில் கொடுங்கள்.

குழு செய்த உதவி

இனி முதலில் சொன்ன அந்தப் பிள்ளையின் கதைக்கு வருகிறேன். மறு வருஷம் ஜனவரியிலேயே ஆரம்பித்தோம். பகலில் பீடி, சாயங்காலம் வரைவது. பக்கத்துப் பள்ளி ஓவிய ஆசிரியர் ஞாயிற்றுக்கிழமைகளில் காசு வாங்காமல் திருத்திக் கொடுத்தார். தேர்வுக்குப் போய்வரப் பயணச் செலவு, சான்றிதழ், பேப்பர், வண்ணம் எல்லாம் சேர்த்து மூவாயிரத்துச் சொச்சம் தேவைப்பட்டது. அக்கா குழுவில் உள்கடன் கேட்டார்.

குழுவில் சண்டையே வந்துவிட்டது. "கோலம் போடுததுக்குக் காலேஜா? மாடு வாங்கக் கேட்டவளுக்கே இன்னும் கடன் குடுக்கல" என்றார் ஒருவர். அப்போது குழுவில் மூத்த ஓர் ஆச்சி, "மாடு செத்தாலும் சாவும். பிள்ள கையில இருக்குத தொழில் எங்க போவும்? குடுங்கட்டி" என்றார். தீர்மானம் எழுதி மூவாயிரம் கொடுத்தார்கள். துணைக்கு ஊக்குநரும் ரயில் ஏறினார்.

பிள்ளைக்கு முதல் பட்டியலில் பெயர் வரவில்லை. பத்து நாள் அந்த வீட்டில் யாரும் சரியாகச் சாப்பிடவில்லை. இரண்டாவது பட்டியலில் இடம் கிடைத்தது. இன்று அரசு கவின்கலைக் கல்லூரி ஒன்றில் இரண்டாம் வருஷம் படிக்கிறாள். வாங்கிய கடனை அக்கா ஆறு தவணையில் அடைத்துவிட்டார். போன பொங்கலுக்கு வந்தபோது அந்த ஆச்சியை உட்கார வைத்து ஒரு படம் வரைந்து கொடுத்திருக்கிறாள். அது இப்போது குழுக் கூட்டம் நடக்கும் வீட்டுச் சுவரில் தொங்குகிறது.

ஆனால் அவளுக்குப் போன அந்த ஒரு வருஷம் போனதுதான். என்னுடைய ஒரு வார்த்தையால் போனது. இனி நம் கூட்டமைப்பில் எந்தப் பிள்ளைக்கும் அப்படிப் போகக் கூடாது.

சுவரில் ஒட்டி வைக்க ஒரு நாட்காட்டி

ஜனவரி: தினசரிப் பயிற்சி தொடக்கம். ஆசிரியர் ஒருவரைப் பார்த்து வைத்தல்.
மார்ச்: பொதுத் தேர்வு. ஆதார், சான்றிதழ்ப் பெயர் திருத்தம்.
ஏப்ரல்: சாதி, வருமானச் சான்றுகள். இணையதளம் பார்க்கத் தொடங்குதல்.
மே, ஜூன், ஜூலை: அறிவிப்பு, விண்ணப்பம், திறனறித் தேர்வு, விடுதி விண்ணப்பம்.
சேர்ந்த பிறகு: புதுமைப் பெண், பீடித் தொழிலாளர் உதவித்தொகை, சாதி உதவித்தொகைப் பதிவு.

அடுத்த குழுக் கூட்டத்தில் கலந்து பேசுங்கள்

1. நம் குழு உறுப்பினர்களின் பிள்ளைகளில் வரைபவர், பாடுபவர், ஆடுபவர் யார் யார்? ஒரு பட்டியல் எடுங்கள்.
2. சேர்க்கைப் பயணத்துக்கு உள்கடன் கொடுப்பதைத் தீர்மானமாக எழுதி வைக்கலாமா?
3. தேர்வுக்குப் போகும் பிள்ளைக்குத் துணையாக யார் போவது?
4. நம் பஞ்சாயத்தில் இசைப்பள்ளி வயதில் உள்ள, படிப்பை நிறுத்திய பிள்ளைகள் இருக்கிறார்களா?

பட்டியலை அடுத்த மாதாந்திரக் கூட்டத்துக்கு ஊக்குநர்கள் கொண்டு வாருங்கள். எனக்குத் தெரியாததை யாரும் கேட்டால், இந்த முறை "விசாரிச்சுச் சொல்லுதேன் அக்கா" என்றுதான் சொல்வேன். விசாரித்தும் சொல்வேன்.

அன்புடன்,
உங்கள் கள ஒருங்கிணைப்பாளர்